வளைகாப்பில் பின்னால்தான் நிற்பேன் என்கிறாள் அம்மா: ‘ஃபணியம்மா’ பார்த்த பிறகு ஒரு கேள்வி

மல்லேஸ்வரம் மகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடம் பேசினாலும் அழுகையில் முடிகிறது, அதனால்தான் இங்கே வந்தேன்.

எங்கள் வீட்டில் நாலு தலைமுறைப் பெண்கள் இருக்கிறோம். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 88 வயது, அம்மாவுக்கு 66, அப்புறம் நானும் தங்கையும், பி.யூ.சி. இரண்டாம் வருஷம் (பிளஸ் டூ மாதிரி) படிக்கும் என் மகளும். அப்பா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. வருஷாப்திகமும் முடிந்துவிட்டது. தங்கைக்கு இப்போது ஆறு மாதம் முடியப் போகிறது, அடுத்த மாதம் இங்கே வீட்டிலேயே வளைகாப்பு.

போன வாரம் மகள் ‘ஃபணியம்மா’ படத்தைப் போட்டாள். அவளுடைய கன்னட மிஸ் பார்க்கச் சொன்னாராம். 1983இல் வந்த படம், எம்.கே. இந்திராவின் நாவலை பிரேமா காரந்த் படமாக எடுத்தது. விவரம் தெரியாத வயதில் கல்யாணம், புருஷன் முகம் மனதில் பதிவதற்குள் விதவை, அப்புறம் ஆயுசு முழுக்க மழித்த தலையும் மடிப்புடவையும் அடுப்படியும். பாட்டி இங்கே பெங்களூர் சாம்ராஜ்பேட்டையில் அறுபது வருஷத்துக்கு மேல் இருந்தவள், கன்னடம் தமிழ் மாதிரியே பேசுவாள். ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சின்னப் பெண்ணின் தலையை மழிக்கிற பேச்சு வந்ததும் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். மகள் பின்னாலேயே போய், “என்ன பாட்டி, நம்ம வீட்டிலும் யாருக்காவது இப்படி நடந்ததா?” என்று கேட்டுவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னாள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பாட்டியின் அத்தை ஒருத்தி இருந்தாளாம். ஏழு வயதில் கல்யாணம், பத்து வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. நாவிதர் கொல்லைப்புறமாக வருவாராம். பாட்டிக்கு அப்போது ஆறேழு வயசு இருக்கும், கிணற்றடிக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைப்பது அவளுடைய வேலை. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட வேண்டும் என்பது அவளுடைய அம்மாவின் உத்தரவு. ஒரு நாள் திரும்பிப் பார்த்துவிட்டாளாம். அத்தை குனிந்துகொண்டு, தரையில் ஊர்ந்த எறும்பை விரலால் தடுத்துத் தடுத்து விளையாடிக்கொண்டிருந்தாளாம், தலையில் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது. அதைச் சொல்லும்போது பாட்டி தன் விரலைப் புடவையின்மேல் அப்படியே ஓட்டிக் காட்டினாள். என் மகள் அழுதுவிட்டாள்.

என் கேள்விக்கு வருகிறேன். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அம்மாவும் அங்கேதான் இருந்தாள். இதுதான் சமயம் என்று நினைத்து, “வளைகாப்பில் நீதானேம்மா முதலில் வளையல் போடணும்?” என்று கேட்டேன். “வேண்டாம். சுமங்கலிகள் போடட்டும், நான் பின்னால் நின்று பார்த்துக்கறேன்” என்றாள். படத்தைக் காட்டிப் பேசினால், “அது அந்தக் காலம். எனக்கு யார் தலையை மழித்தார்கள்? யாராவது என்னை ஒதுங்கச் சொன்னீர்களா? நானாகத்தான் நிற்கிறேன்” என்கிறாள்.

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. யாரும் தடுக்கவில்லை என்பது நிஜம். அவளே தன்னைத் தள்ளி வைத்துக்கொள்கிறாள். தங்கையோ, அம்மா போடாவிட்டால் வளைகாப்பே வேண்டாம் என்று நிற்கிறாள். நான் வற்புறுத்தலாமா, இல்லை அது அவள் இஷ்டம் என்று விட்டுவிடலாமா? இப்படி ஒரு சூழ்நிலையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ராமமூர்த்தி நகர் ரவி:

விடக் கூடாது என்பேன். என் கல்யாணத்தில் எங்கள் அம்மா மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் கல்யாண அவசரத்தில் கவனிக்கவில்லை. ஆல்பத்தில் தாலி கட்டும் படம் எதிலும் அவர் இல்லை. பதினோரு வருஷமாகிறது, அந்த ஆல்பத்தை எடுத்துப் பார்க்கவே மனசு வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாவது முன்னால் நிறுத்துங்கள். ஒரு நிமிஷச் சங்கடம்தான்.

---

ஜெயநகர் நாலாவது பிளாக்:

ரவி தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். நான் அந்த அம்மாவின் இடத்தில் இருப்பவள். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு 61 வயது, பாங்கில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதை எங்கேயும் சொன்னதில்லை.

முதலில் நானும் ஒதுங்கவில்லை. பொட்டும் வைத்துக்கொண்டேன், கலர் புடவையும் கட்டினேன். அவர் போன அடுத்த வருஷம் நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. எல்லோரும் “வாங்க வாங்க” என்று கூப்பிட்டார்கள், போய்ச் சந்தனம் பூசி வளையல் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் வலி கண்டுவிட்டது. குழந்தை கண்ணாடிப் பெட்டியில் மூன்று வாரம் இருந்தது. ரத்த அழுத்தம்தான் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு உறவுக்காரப் பெண்மணி மட்டும் என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அவ்வளவுதான். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது, மூன்றாம் வகுப்புக்குப் போகப் போகிறது. ஆனால் அன்றைக்கு அப்புறம் எந்த வளைகாப்புக்கும் நான் முன்னால் போனதில்லை.

மகளே, உங்கள் அம்மாவுக்கும் இதில் பெரிய நம்பிக்கை எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயம் இருக்கும். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் தன் பெண் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ, மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்கிற பயம். “நானாகத்தான் நிற்கிறேன்” என்று சொன்னால் அது தன் முடிவு மாதிரி இருக்கும், அதில் கொஞ்சம் மரியாதையும் மிஞ்சும். சின்னவர்கள் நீங்கள் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் அந்தப் பயம் போகாது. ஏனென்றால் பழி வந்தால் அதைத் தாங்கும் வயது உங்களுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அன்றைக்கு என்னைவிடப் பெரியவர் ஒருவர், எல்லார் முன்னாலும், “நீ போடு, நான் சொல்கிறேன்” என்று சொல்லியிருந்தால் வராந்தாவில் அந்தப் பார்வையை நான் வேறு மாதிரி எதிர்கொண்டிருப்பேன்.

உங்கள் வீட்டில் அந்த வயதில் ஒருவர் இருக்கிறார் இல்லையா?

---

மல்லேஸ்வரம் மகள்:

அம்மா, நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாட்டியிடம் இதைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டியை எதிர்க்கட்சியாகவே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவளுமே தாத்தா போனதிலிருந்து, கிட்டத்தட்ட முப்பது வருஷமாக, பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

---

தங்கவயல் பேரன்:

நான் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல் ஆள், இப்போது பனஸ்வாடியில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி, இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகிற சுரங்கம். கல் தூசி நுரையீரலில் இறங்கி, ஐம்பது வயதுக்குள்ளேயே போய்விட்டார். எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பாதி வீடுகளில் இப்படி ஆம்பிளை இல்லாத வீடுதான். அங்கே மொட்டை, மடி எல்லாம் கிடையாது. ஆயாவின் அம்மா அறுத்துக் கட்டினவர், அதாவது முதல் புருஷன் செத்ததும் வேறு கல்யாணம் செய்துகொண்டவர், அதை யாரும் மறைக்கவும் இல்லை. எங்கள் சனத்தில் அது சாதாரணம். மேலே இருக்கிறவர்கள் “அறுத்துக் கட்டுற சாதி” என்று அதையே வசவாகச் சொல்வார்கள்.

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முன்னாடியே அப்பா மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து தினமும் பெங்களூர் வந்து வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரிதான் வீடு. நாங்கள் படித்தோம், வேலைக்குப் போனோம், இங்கே சொந்தமாக வீடு வாங்கினோம். வீடு வாங்கினதும் கூடவே இந்த வழக்கமும் வந்துவிட்டது. சித்தப்பா போனபோது, எங்கள் ஆயா காலத்தில்கூட இல்லாத கட்டுப்பாடெல்லாம் சித்திக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எதிரே வராதே, பெண் பார்க்கப் போகும்போது கூட வராதே என்று. கேட்டால், “அக்கம்பக்கத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கிறார்கள், நாமும் நாலு பேர் மாதிரி இருக்க வேண்டாமா” என்றார்கள். மைசூர்க்காரரான சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் இதைத்தான் சமஸ்கிருதமயமாக்கம் என்று எழுதினார் என்று கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். சித்தி கதவுக்குப் பின்னால் நின்ற அன்றைக்குத்தான் அது என்னவென்று புரிந்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், காலம் காலமாக வருவது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், சில வீடுகளில் அது ஒரே தலைமுறை வயசுதான். எங்கள் வீட்டில் ஆயாதான் கடைசியில் சத்தம் போட்டது. “என் ஆத்தா ரெண்டு தாலி கட்டிக்கிட்டு பதினோரு பேரைக் கரையேத்தினா, இவ என் பேத்திக்குப் பூ வெச்சா என்ன குறைஞ்சிடும்?” என்று. அதற்கு மேலே யாரும் பேசவில்லை.

---

படச்சுருள்:

பாட்டி பாதியில் எழுந்து போனது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் படத்தில் முக்கியமான இடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. தாட்சாயணி என்று ஒரு இளம் விதவை, தலையை மழிக்க மாட்டேன் என்று வீட்டாரோடு மல்லுக்கு நிற்பாள். வீடே அவளுக்கு எதிராக இருக்கும்போது அவள் பக்கம் நிற்பது யார் என்றால் ஃபணியம்மாதான். எந்த விதியையும் மீறாமல், எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் ஆயுசையே கழித்தவள். அதனால்தான் அவள் பேச்சுக்கு அந்த எடை வருகிறது. படித்த மருமகளோ பட்டணத்துப் பையனோ அதைச் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் அடக்கியிருப்பார்கள்.

ஃபணியம்மாவாக நடித்தவர் எல்.வி. சாரதா. இவரேதான் ‘வம்ச விருட்ச’ படத்தில் மறுமணம் செய்துகொள்ளும் காத்யாயனி. அந்தப் படத்தை கிரீஷ் கர்னாடோடு சேர்ந்து இயக்கியவர் பி.வி. காரந்த், அதாவது பிரேமா காரந்தின் கணவர். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வழக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே போகிறவளும், உள்ளேயே இருந்து தேய்கிறவளும் ஒரே முகத்தில் தெரிவார்கள். எனக்கு இரண்டாமவள்தான் பெரியவளாகப் படுகிறாள். இதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று. இது கற்பனைக் கதை இல்லை. அந்த மூதாட்டி இந்திராவின் அம்மாவிடம் தன் கதையைச் சொல்லி, அது இந்திராவுக்கு வந்து நாவலானது. இந்திராவுக்கே பன்னிரண்டு வயதில் கல்யாணம், நாவல் எழுத ஆரம்பித்தபோது 45 வயது. உங்கள் பாட்டி எறும்பைப் பற்றிச் சொன்னாரே, அதை உங்கள் மகள் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளட்டும். தயவுசெய்து.

---

மாட்டுங்காவிலிருந்து பனசங்கரி:

நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷம். அங்கே நடந்த ஒரு விஷயம் உங்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூட்டம் போட்டு, விதவைகளின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் வைத்த நாராயண் மேகாஜி லோகண்டே அதற்குப் பின்னால் இருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த வரலாறு இது. அந்தப் பெண்களை யாரும் போய் “நீ ஏன் தலையைக் கொடுக்கிறாய்” என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அதை மறுக்கும் இடமே இல்லை. யார் கையில் கத்தி இருந்ததோ அவர்கள் கீழே வைத்தார்கள்.

வளைகாப்பில் கத்தி எதுவும் இல்லை, ஆனால் ஒரு குரல் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், எல்லா விசேஷத்திலும் ஒரு மாமி அல்லது அத்தை இருப்பார், “சுமங்கலிகள் எல்லாம் ஒவ்வொருத்தரா வாங்கோ” என்று கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தையில்தான் உங்கள் அம்மா பின்வரிசைக்குப் போகிறார். அன்றைக்கு அதைச் சொல்லப் போவது யார் என்று கண்டுபிடித்து, முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். “பெரியவா எல்லாம் வாங்கோ” என்று கூப்பிடச் சொல்லுங்கள், போதும். அம்மாவிடம் வாதாட வேண்டாம். தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் கொடுப்பதும் வாசலில் நிற்கும் வேறு யாரோ இல்லாமல் நீங்களாகவே இருங்கள், வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி நீட்டுங்கள், எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் பாடு.

கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம் கிராம சபையைக் கூட்டி, விதவைகளின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது எல்லாம் இனிமேல் இந்த ஊரில் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். மகாராஷ்டிர அரசாங்கம் மற்ற ஊர்களையும் அப்படிச் செய்யச் சொன்னது. ஊர் சேர்ந்து சொன்னதால் தனித்தனியாக எந்தப் பெண்ணும் வழக்கத்தை மீறினவள் ஆகவில்லை. ஜெயநகர் அம்மா பழியைப் பற்றிச் சொன்னதும் எனக்கு இந்த ஊர்தான் ஞாபகம் வந்தது.

---

ராமமூர்த்தி நகர் ரவி:

இழுத்துக்கொண்டு வாருங்கள் என்று நான் எழுதியது தப்பு. ஜெயநகர் அம்மா, மன்னியுங்கள். ஆல்பத்தைப் பற்றி அம்மாவிடம் இதுவரை பேசியதே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன்.

---

மல்லேஸ்வரம் மகள்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், நேற்று வளைகாப்பு முடிந்தது. எத்தனையோ பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாட்டியிடம் பேசினேன். ஜெயநகர் அம்மாவின் பதிலை அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, “விளக்கை அணைச்சுட்டுப் போ, தூக்கம் வரது” என்றாள். சரி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். கூப்பிடும் பொறுப்பு என் பெரிய அத்தையிடம் இருந்தது. அவரிடம் போய், “பெரியவா” என்று கூப்பிடுங்கள் என்று கேட்டேன். முகம் சுருங்கியது, “பார்க்கலாம்” என்றார்.

நேற்றுத் தங்கையை மணையில் உட்காரவைத்தோம். எட்டாவது கிராஸில் வாங்கிய பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் ஒரு பெரிய மூங்கில் கூடையில். அத்தை வாய் திறப்பதற்குள் பாட்டி நாற்காலியிலிருந்தே, “கூடையை இங்கே கொண்டா” என்றாள். மடியில் வைத்தேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேப்பிலைக் காப்பைத் தேடி எடுத்தாள். எங்கள் வழக்கத்தில் அதுதான் முதலில் போடுவது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்து, “இங்கே வாடீ. என் கை நடுங்கறது, குழந்தை கையிலே கீறிடப் போறது. எனக்குப் பதிலா நீ போடு” என்றாள்.

பாட்டியின் கை நடுங்கவில்லை. காலையில்தான் அதே கையால் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அம்மா அசையவில்லை. பாட்டி கையை நீட்டியபடியே இருந்தாள், நான் எண்ணவில்லை, ஆனால் ரொம்ப நேரம் போல இருந்தது. அம்மா வந்து காப்பை வாங்கித் தங்கைக்குப் போட்டாள். தங்கை அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு விட்டதால் கண்ணாடி வளையலையும் அம்மாவே போடும்படி ஆயிற்று, இந்தக் கையில் ஏழு, அந்தக் கையில் எட்டு. மாப்பிள்ளையின் அம்மா தானாக எழுந்து வந்து சந்தனக் கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அத்தைதான் சரியாகச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார், இன்னும் ஃபோன் எடுக்கவில்லை. குங்குமம் நீட்டினபோது அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். நானும் விட்டுவிட்டேன்.

ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் பயமாக இருந்ததா என்று கேட்டேன். “இப்பவும் இருக்கு. குழந்தை பிறக்கிற வரைக்கும் இருக்கும். ஆனா உங்க பாட்டிக்குப் பதிலாத்தானே போட்டேன்” என்றாள்.

எறும்பைப் பற்றி மகள் எழுதிவிட்டாள், கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். அந்த அத்தை நன்றாக அப்பளம் இடுவாள், அதையும் சேர் என்று திருத்தம் சொல்லியிருக்கிறாள். அப்புறம், அன்றைக்குப் பாதியில் விட்ட படத்தை, விட்ட இடத்திலிருந்து போடச் சொல்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் போடப் போகிறோம், அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறாள்.